ராஜாளிக்கு நடை பழக்கினேன்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீங்களும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் என்றைக்கு வரும் என்று தெரியாததால் எழுத உட்கார்ந்துவிட்டேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

வீட்டு கேட்டில் "துரோகி வீடு" என்று எழுதிவிட்டுப் போனார்களே, அதன் மேல் இரண்டு முறை பெயின்ட் அடித்துவிட்டேன். வெயில் சாய்வாக விழும்போது எழுத்து இன்னும் தெரிகிறது. அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டாள். தொலைக்காட்சியில் அவன் முகம் வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுகிறாள். அவன் முகம் வராத நேரம் குறைவு என்பதால் மின்சாரம் மிச்சம்.

உங்கள் அக்காவிடம் பேசினேன். புதுப் பள்ளியில் அப்பாவைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று குட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதறாமல் படியுங்கள். எங்கள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கே போய் பிசியோதெரபி செய்ய ஆள் அனுப்புவார்கள் அல்லவா, இந்த முறை ஒரு பெரிய வீட்டுக்கு என்னை அனுப்பியிருக்கிறார்கள். இடுப்பும் தொடையும் உடைந்து, தகடு வைத்து, முழங்கால் மரக்கட்டை மாதிரி விறைத்துப் போன ஒருவனை நடக்க வைக்க வேண்டும். அவன்தான் அண்ணி. ராஜாளி.

ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் அவனுக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்தது நம் கெட்ட காலம். படத்தில் பறந்தான், கைதட்டினார்கள். பிறகு உண்மையிலேயே லைசென்ஸ் எடுத்தான். பழைய விமானங்களை வாங்கிக் கொட்டகையில் அடுக்கினான். அந்தக் கொட்டகையில்தான் அண்ணாவுக்கு மெக்கானிக் வேலை. மேலே கூரையில்லாத, மரச்சட்டத்தில் துணி போர்த்திய அந்த ரெட்டை இருக்கைக் கிழட்டு விமானத்தை அண்ணா "பாட்டா" என்று கூப்பிடுவாரே, "பாட்டாவுக்கு இன்னிக்கு இருமல்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட வருவாரே. விமானக் கண்காட்சியன்று என்ஜின் சத்தம் சரியில்லை என்று அவரும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். பின் இருக்கையிலிருந்து ஓட்டியவன் இவன். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் மரங்களுக்குப் பின்னால் விமானம் விழுந்தது. அவன் பிழைத்தான்.

அது விதி என்று விட்டிருப்பேன் அண்ணி. பிழைத்தவன் வாய் சும்மா இருந்திருந்தால் விட்டிருப்பேன். கட்டிலில் படுத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து என்ன சொன்னான்? "முன்னாடி இருந்தவர் பயந்துபோய் ஸ்டிக்கைப் பிடிச்சிட்டார். அவர் மேல எனக்குக் கோபமில்ல. மன்னிச்சிட்டேன்." விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக் இரண்டு இருக்கையிலும் ஆளுக்கொன்று, ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றும் அசையாது என்று அவனுடைய மேனேஜர் பொம்மை விமானத்தை வைத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு விளக்கினான். நாடே அவன் பெருந்தன்மையைப் பார்த்து அழுதது. அந்த மன்னிப்பு இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவனுக்கு நான் யார் என்று தெரியாது. துக்கத்துக்கு அவன் தரப்பிலிருந்து ஒரு மாலைதான் வந்தது, ஆள் வரவில்லை. மருத்துவமனையிலும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேரில் "சார்" என்கிறேன். இந்தத் தாளிலாவது "அவன்" என்று எழுதிக்கொள்கிறேன்.

முதல் நாள் அவன் காலை என் மடியில் வைத்து முழங்காலை மடக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான், கண் ஓரத்தில் நீர் வழிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும் அண்ணி. யாருக்கும் சந்தேகம் வராது, இந்த வேலையில் வலி சகஜம். என் கைக்கு அந்த ஆசை வந்தது. அழுத்தவில்லை. இரக்கப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். கால் உடைந்து கட்டிலில் கிடக்கும்வரை அவன் தியாகி. விபத்து விசாரணைக்குக் கூப்பிடும்போதெல்லாம் "எழுந்திருக்க முடியவில்லை" என்று வக்கீல் தள்ளி வைத்துக்கொண்டே போகிறார். நான் அவனை எழுப்பப்போகிறேன். இந்த ஊரில் என்னைவிட நன்றாக அதைச் செய்யக்கூடியவர்கள் யாரும் இல்லை.

குட்டிக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நான்கு வரிப் பதில் கிடைத்தது. "வேண்டாம், விட்டுடு. அவங்க பெரிய இடம். ஒருவேளை அவர் பயந்து பிடிச்சிருந்தா நாம என்ன பண்ண முடியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை. அவரோடு பத்து வருடம் குடித்தனம் நடத்திய உங்களையே அப்படி எழுத வைத்திருக்கிறான் என்றால், அவன் பொய்க்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள். உங்கள் மேல் வர வேண்டிய கோபத்தையும் அவன் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

அவன் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கண்ணாடிச் சுவர் வைத்த நீள அறை. பழைய விமானங்களின் மர விசிறிகளைச் சுவரில் மாட்டியிருக்கிறான், மான் தலை மாட்டுவது போல. அவன் வாங்கிய விருதுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு இரும்புக் கம்பிகளை நட்டிருக்கிறோம். சமையல்காரர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர். என்னைப் பார்த்தால் முதல் காரியமாக டீ போடுவார். மேனேஜரை வீட்டில் எல்லோரும் "நிழல்" என்கிறார்கள். ராஜாளி எங்கே திரும்பினாலும் பின்னால் நிற்பான், வெயில் ஏறினால் மட்டும் சுருங்கிவிடுவான். ராஜாளி என்னை "டீச்சர்" என்கிறான். அழுகைக்கு நடுவே ஜோக் அடிப்பான். சிரிப்பு வரத்தான் செய்கிறது அண்ணி. அந்தச் சிரிப்புக்காக வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கால் தேறுகிறது. கம்பியைப் பிடித்து நின்றான், பிறகு நடந்தான், பிறகு ஒரு கையை விட்டான். போன வாரம் நிழல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரிப்போர்ட்ல இன்னும் நடக்க முடியலன்னே எழுதுங்க மேடம். சக்கர நாற்காலியில கொண்டுபோய் உட்கார வெச்சு, வாக்குமூலத்தை வக்கீல் படிச்சிடுவார். கேள்வி கேக்க மாட்டாங்க" என்றான். "நான் பார்த்ததைத்தான் எழுதுவேன் சார்" என்றேன். முகம் சுண்டிப்போயிற்று.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மறுநாள் பிற்பகல் அவனைக் கம்பிக்கு வெளியே முதல்முறையாக நடக்கச் சொன்னேன். அப்படி நடக்கும்போது நாங்கள் எதிரே நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னோக்கி நடப்போம், விழுந்தால் பிடிக்க. அப்படித்தான் நின்றேன். இரண்டடி வைத்தான். என் கைகளைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். "கையை இறக்குங்க" என்றான். விழப்போகிறான் என்று நினைத்து இன்னும் கிட்டே போனேன். "டீச்சர், ப்ளீஸ், கையை இறக்குங்க" என்று கத்தினான். சமையல்காரர் ஓடிவந்து நாற்காலி போட்டார். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னான். பிறகு அவனாகவே சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவனும் இப்படித்தான் ரெண்டு கையையும் வெளிய நீட்டினான். காத்துல. என்ஜின் சத்தத்துல பேசினா கேக்காது, அதனால கையாலதான் சொல்லணும். இறக்கு, இறக்குன்னு காட்டினான். ஒரு தரம் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். கீழ கேமராக்காரங்க இன்னொரு ரவுண்டு தாழ்வா வரச் சொல்லியிருந்தாங்க. ஒரே ஒரு ரவுண்டுதானேன்னு திருப்பினேன். என்ஜின் நின்னுடுச்சு. விழுற வரைக்கும் அவன் கை வெளியதான் இருந்தது."

அவ்வளவுதான் அண்ணி. அண்ணா எதையும் பிடிக்கவில்லை. பயப்படவும் இல்லை. கடைசிவரை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

"அப்புறம் ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். தான் ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பதற்குள் நிழல் பத்திரிகைகளுக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டானாம். இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லையாம். சொல்லச் சொல்லத் தனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டதாம். அழுதான். நல்ல நடிகன்தான், ஆனால் அது நடிப்பில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது.

இன்னும் ஒரு கேள்வி கேட்டேன். "அவருக்குக் குடும்பம் இருக்கா சார்?"

"இருக்கும்னு நினைக்கிறேன்" என்றான்.

இருக்கும் என்று நினைக்கிறானாம். அண்ணி, அந்த நிமிடம்வரை என் கோபத்துக்கு ஒரு எல்லை இருந்தது.

விசாரணை அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடலாமே என்பீர்கள். செத்தவனின் தங்கை சொல்வதை யார் நம்புவார்? அவன் வக்கீல் என்னை ஊதித் தள்ளிவிடுவார். நுணலும் தன் வாயால் கெடும். அவன் வாயிலிருந்தே வரட்டும். அதற்கு அவன் சக்கர நாற்காலியில் போகக்கூடாது, வக்கீல் வாயால் பேசக்கூடாது.

எனவே அவனுடைய முழங்காலை விட்டுவிட்டு அவன் தலைக்கனத்துக்கு வைத்தியம் ஆரம்பித்திருக்கிறேன். "விசாரணைக்கு நாற்காலியில உருட்டிட்டுப் போகப் போறாங்களாமே சார். வாசல்ல எத்தனை கேமரா நிக்கும். எல்லாரும் ஐயோ பாவம்னு பார்ப்பாங்க" என்று உச்சுக் கொட்டினேன். கண்ணாடிச் சுவரில் தன்னைப் பார்த்துக்கொண்டான். மறுநாள் நான் போவதற்கு முன்பே கம்பியைப் பிடித்துக்கொண்டு வியர்க்க வியர்க்க நின்றுகொண்டிருந்தான். நிழல் கையைப் பிசைந்துகொண்டு, "எதுக்கு சார் இந்த ரிஸ்க்" என்றதற்கு, "ராஜாளியை எவனும் தள்ளிட்டுப் போகக் கூடாது" என்றான். நான் குனிந்து அவன் ஷூ நாடாவைக் கட்டிவிட்டேன். இறுக்கமாகவே கட்டினேன்.

குட்டிக்குக் கணக்குப் பாடம் எப்படிப் போகிறது? அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

அன்புள்ள அண்ணிக்கு,

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பேப்பரில் வராததை நான் எழுதுகிறேன்.

விசாரணை நடந்தது பழைய அரசு அலுவலகக் கட்டடத்தின் கூட்ட அறையில். ஆடும் மின்விசிறி, நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள். அதிகாரி முன்பு விமானம் ஓட்டியவராம். வாழ்நாளெல்லாம் என்ஜின் பக்கத்தில் இருந்ததில் ஒரு காது போய்விட்டது. பேசுகிற எல்லோரையும் "சத்தமா, சத்தமா" என்று விரட்டிக்கொண்டிருந்தார். இறந்தவரின் குடும்பத்துக்கென்று முதல் வரிசையில் மூன்று நாற்காலி. உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கும், நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும். ஒன்றில் அம்மா, நடுவில் நான். இன்னொன்றில் அம்மா தன் பையை வைத்துவிட்டாள், காலியாக இருக்க வேண்டாம் என்று.

வெளியே கூச்சல் கேட்டது. வந்துவிட்டான். படிக்கட்டை யாரையும் பிடிக்காமல் ஏறினானாம், ரசிகர்கள் விசில் அடித்தார்கள். ஒரு ஊன்றுகோல், கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. அறைக்குள் நுழைந்தவன் முதலில் என்னைப் பார்த்ததும் சிரித்தான். டீச்சர் பார்க்க வந்திருக்கிறாள் என்று பெருமை. பிறகு நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதைப் பார்த்தான். பக்கத்தில் அம்மாவைப் பார்த்தான். அண்ணாவுக்கு அம்மாவின் முகவெட்டு அப்படியே இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. கண்ணாடியைக் கழற்றினான்.

அந்தச் சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்குவதைப் பார்ப்பதற்காகத்தான் அண்ணி, அத்தனை நாள் அவன் காலைப் பிடித்தேன்.

வக்கீல் எழுந்து வாக்குமூலத்தைப் படிக்கப் போனார். அதிகாரி கையமர்த்தி, "அவரே நடந்து வந்திருக்காரே, அவரே சொல்லட்டும்" என்றார். வக்கீல் உடல்நிலை என்று ஏதோ இழுத்தார். "படியேறி வந்தவருக்கு வாய்ல என்னங்க உடல்நிலை" என்றார் அதிகாரி. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவன் பழைய கதையைத்தான் ஆரம்பித்தான். முன்னால் இருந்தவர் பயந்துபோய்... என்று அந்த இடம் வந்ததும் அதிகாரி நிறுத்தினார். "நீங்க பின் சீட்ல இருந்தீங்க. முன்னாடி இருக்கறவரோட தோளுக்கு மேலதான் உங்களுக்குத் தெரியும். அவர் ஸ்டிக்கைப் பிடிச்சார்னு எப்படிச் சொல்றீங்க? அவர் கை எங்க இருந்தது?"

சாதாரணக் கேள்வி. அந்த விமானத்தில் உட்கார்ந்த எவரும் கேட்கக்கூடியது. அவன் பதில் சொல்ல வாயைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. அவன் ஏற்கெனவே ஒரு முறை பதில் சொல்லிவிட்ட கேள்வி அது. யாரிடம் சொன்னான் என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

நிழல் பின்னாலிருந்து, "ஞாபகமில்லன்னு சொல்லுங்க சார்" என்று முணுமுணுத்தான். எனக்கே கேட்டது. அவனுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? கடைசியில், "கை வெளிய இருந்தது" என்றான், வாய்க்குள்ளேயே.

அதிகாரி காதைக் கையால் குவித்துக்கொண்டு, "கேக்கல. சத்தமா" என்றார்.

"ரெண்டு கையும் வெளியதான் இருந்தது. என்னை இறக்கச் சொன்னார். நான்தான் கேக்கல."

அந்த அறை மட்டுமல்ல, வாசலில் நின்றவர்கள்வரை கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. என்னிடம் வந்து வலிக்கிறது என்று சொல்பவர்களுக்கெல்லாம் "பொறுத்துக்கோங்க" என்பேன் அல்லவா, அன்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கேள்வி மேல் கேள்வி, எல்லாவற்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னான். லைசென்ஸ் போய்விட்டது. வழக்கு வருகிறது. நிழல் இப்போது வேறொரு நடிகனின் பின்னால் நிற்கிறான். அறிக்கையில் மெக்கானிக் மீது எந்தக் குற்றமும் இல்லை, எச்சரித்தார் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். விசில் அடித்த அதே கூட்டம் அவன் காரைக் குத்தித் தள்ளியது. மனம் குளிர்ந்ததா என்று கேட்பீர்கள். குளிர்ந்தது அண்ணி. பொய் சொல்லமாட்டேன். பழிவாங்கினால் நிம்மதி வராது என்பார்கள். எனக்கு அன்று படுத்ததும் தூக்கம் வந்தது.

அதற்கு விலையும் கொடுத்தாயிற்று. உறவை மறைத்து நோயாளியைப் பார்த்தது தவறு என்று மருத்துவமனையில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தவறுதான், ஒப்புக்கொண்டேன். வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் செய்வேன் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு முதுகுவலி, ஒரு தோள்பட்டை கிடைத்திருக்கிறது. பட்டினி இல்லை.

இனி நான் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

நேற்று சமையல்காரர் வந்தார். நடந்ததை நேரில் சொல்ல அவன் உங்களைத் தேடி வரப்போகிறானாம். விலாசம் கேட்டு அனுப்பியிருக்கிறான். முதலில் தரமாட்டேன் என்றேன். அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் எத்தனை பக்கம் எழுதினாலும் தங்கை பாசத்தில் எழுதுகிறாள் என்று உங்கள் மனதின் ஒரு மூலை சொல்லும். பேப்பரில் வந்தாலும் பேப்பர்தானே என்று தோன்றும். அந்த மூலை உங்களைத் தூங்கவிடாது என்று எனக்குத் தெரியும். அதனால் அவன் வாயால் கேளுங்கள். அண்ணா எப்படித் திரும்பிப் பார்த்தார், கையை எப்படி நீட்டினார், எல்லாவற்றையும் கேளுங்கள். நடுவில் அழுவான், அழட்டும். நீங்கள் அழ வேண்டுமானால் அவன் போன பிறகு அழுங்கள். குட்டியை உள்ளே அனுப்பாதீர்கள். அவள் பக்கத்திலேயே நிற்கட்டும். அவளுக்கு என்ன கேட்கத் தோன்றுகிறதோ கேட்கட்டும்.

மாடிப்படி ஏறி வருவான், ஏற முடியும். வந்ததும் மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், கால் நடுங்குவது போல் இருக்கும். உங்கள் குணம் எனக்குத் தெரியும், உடனே நாற்காலியை இழுத்துப் போடுவீர்கள். வேண்டாம் அண்ணி. அந்தக் கால்கள் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லி முடிக்கும்வரை நிற்கும்.

குட்டி நன்றாகப் படித்து, நீண்ட நாள் வாழட்டும். அவள் அப்பா யார் என்று யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்லட்டும். அம்மாவின் ஆசிகள் உங்கள் இருவருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்
நாத்தனார்